சித்தப்பா அடித்த பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் சித்தப்பா நடுங்கமாட்டார். வரப்பில் எதிரே வந்தால் மண்வெட்டியால் ஒரே போடு. அப்படிப்பட்டவர், சித்தி உண்டான நாளிலிருந்து கொசுவைக்கூட அடிக்கவில்லை. மாசமாக இருப்பவளின் புருஷன் பாம்பை அடித்தால் வயிற்றுப் பிள்ளையின் தோலும் நாக்கும் பாம்புபோல ஆகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. இதையெல்லாம் பிள்ளைகள் காதில் போடமாட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆறு வருஷம் வாய்க்கால் கரைப் புற்றுக்குப் பால் ஊற்றிய பிறகு சித்திக்குத் தங்கிய கரு அது. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

சம்பா அறுப்பு முடிந்து கொல்லையில் புது வைக்கோல் போர் போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் அதன் அடியில் பாம்புச் சட்டை ஒன்று முழுசாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் காட்டிப் பீற்றிக்கொள்ளலாமே என்று இழுத்தேன். சட்டைக்குச் சொந்தக்காரரும் பக்கத்திலேயே இருந்தார். புதுத்தோல் பளபளக்க, சீறிக்கொண்டு படமெடுத்தார். எனக்குக் காலே வரவில்லை.

சித்தப்பா எங்கிருந்து வந்தாரோ! மண்வெட்டி விழுந்த பிறகுதான் அவரைப் பார்த்தேன். பாம்பு இரண்டு துண்டாகக் கிடந்தது. வழக்கமாக ஊரையே கூப்பிட்டுக் காட்டுகிறவர், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் கைகாலைத் தடவிப் பார்த்தார்.

"கடிக்கலல்ல? பாப்பா, சித்திகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து, அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து ஊற்றினார். செத்துப்போனதற்கு எதற்குப் பால் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சட்டையை மட்டும் சித்தியிடம் காட்டினேன். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பழச உரிச்சுப் போட்டுட்டு நல்லபடியா போயிருக்கு பாரு. பிரசவம்னா மறுபொறப்பும்பாங்க. நானும் இப்படித்தான் பொழச்சு எழுந்திரிக்கணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா பாதியில் கை கழுவிவிட்டார். அதன்பிறகு அவர் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மாசியில் பிள்ளை பிறந்தது. பெண். நர்ஸ் நீட்டியதும் சித்தப்பா முகத்தைக்கூடப் பார்க்காமல் துணியை அவிழ்த்தார். திருப்பி முதுகைப் பார்த்தார். கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு எல்லாம் தடவினார். விரலால் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதார்.

"ஏங்க, என்னங்க ஆச்சு?" என்று கட்டிலில் கிடந்த சித்தி பதறினாள்.

"ஒண்ணுமில்லடி" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பெண் பிறந்ததற்கா ஒரு மனுஷன் இப்படி அழுவார்? நானும் பெண்தானே? அதோடு ஒரு மாசம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் ஏனென்று கேட்கவில்லை. அந்த மண்வெட்டியை எதைப் பணயம் வைத்து, யாருக்காக ஓங்கினார் என்பது உறைக்க, என் வயிற்றிலும் ஒன்று தங்க வேண்டியிருந்தது.