கைக்கண்ணாடியில் படித்த பெட்டி

போன சனிக்கிழமை ஒரு பெட்டியைக் கைக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

பெட்டியைப் போய் எப்படிப் படிப்பது என்கிறீர்களா? சொல்கிறேன். படுத்துக்கொண்டேதான் சொல்ல வேண்டும். குழந்தை பிறக்கும் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஆஸ்பத்திரியில் "அசையாமப் படுங்க" என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன்! இப்போது அந்த நர்சே அசையாமல் கிடக்கிறாள்.

இதற்கு முன் இரண்டு முறை பிள்ளை தங்காமல் ஏமாந்திருக்கிறோம். முதல் முறை ஆசையாய் வாங்கி வைத்த தொட்டிலைத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தொட்டில் பேச்சே கிடையாது. நானும் எடுப்பதில்லை, அவரும் எடுப்பதில்லை.

அவர் — எங்கள் வீட்டு ஆர்ட்டிஸ்ட். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் கல்லில் படம் வரைகிறார். தீப்பெட்டிக் கிளி, வெடிக்கட்டுக் குதிரை எல்லாம் அவர் கைவண்ணம். கல்லில் எதையுமே இடம் வலம் மாற்றித்தான் வரைய வேண்டும். எழுத்தும் அப்படியே. அப்போதுதான் தாளில் நேராக விழும். கல்யாணமான புதிதில் எனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதி, சமையலறைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்த மனிதர் இவர்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. படுத்தே கிடப்பவளுக்குக் கொஞ்சம் கடலைக் காட்டலாமே என்று இவருக்கு ஒரு ஆசை. தூத்துக்குடிக்கு லோடு ஏற்றிப்போகும் லாரிக்காரரிடம் சொல்லி, கூடை பின்னிய பெரிய கண்ணாடி ஜாடிகளில் கடல் தண்ணீர் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாய் வரி போட்ட குட்டி மீன்களும் வந்தன. குடிதண்ணீருக்கே குடம் தூக்கி அலையும் ஊரில் ஒருவர் உப்புத் தண்ணீரை இறக்குகிறார்... தெருவே சிரித்தது.

மீன்கள் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

கட்டிலுக்கு எதிரே வைத்த கண்ணாடித் தொட்டியில், ஒவ்வொன்றாய் மிதந்தன. நர்சுக்குச் சாவு என்ன புதிதா? ஆனால் வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு, முன்னே இரண்டைப் பறிகொடுத்தவளுக்கு எல்லாமே சகுனம்தான். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"நம்ம வீட்டுல எதுவும் தங்காதுங்க."

 அவர் தொட்டியைத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றைக்கே பென்சிலை எடுத்து உட்கார்ந்தார்.

மீன் செத்தது ராசியால் அல்ல, அழுக்கால் என்பது அவர் கட்சி. தின்று மிஞ்சியதும் கழிவும் அதே தண்ணீரில் கிடந்தால் எது பிழைக்கும்? அதற்குப் பெரிய தொட்டியின் பக்கத்தில், சற்றுத் தாழ, ஒரு சின்னத் தொட்டி வேண்டுமாம். சம்ப் என்று பெயராம். உள்ளே தடுப்புகள். பெரிய தொட்டித் தண்ணீர் வந்து விழும் முதல் அறையில் கசடு தங்கும். நடு அறையில் மணலும் கரியும் வடிகட்டும். கடைசி அறையில் தெளிந்ததைக் காற்று மோட்டார் குமிழி குமிழியாய் மேலே ஏற்றிவிடும். கசடை இறக்க முன்பக்கம் ஒரு குழாய்.

தகரத்தில் செய்தால் உப்பு அரித்துவிடும். ஆகவே அக்ரிலிக் — கண்ணாடிபோல இருக்கும், கண்ணாடி அல்ல. விருதுநகரில் கடைகளுக்கு போர்டு செய்யும் காசிராஜனிடம் தகடு இருந்தது. இவர் தகட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்திலேயே முழுப் படத்தையும் வரைந்து, எது எங்கே என்று எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார். தகடுகளை ஒட்ட என்ன வேண்டும் தெரியுமா? குளோரோஃபார்ம்! அதைத் தடவினால் இரண்டு ஓரமும் லேசாய்க் கரைந்து ஒன்றாகிவிடுமாம். ஆப்பரேஷன் தியேட்டரில் ஆளையும் நினைவையும் பிரித்துப்போடும் மருந்து அங்கே பெட்டியைச் சேர்த்து வைக்கிறது. நல்லவேளை, அந்த வேலை விருதுநகரில் நடந்தது.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்தியது. தொட்டி இனி முன்னறையில்தான் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். மோட்டார் சத்தமாம், ஈரமாம். எனக்கென்று ஆரம்பித்த கடல், வருகிறவன் போகிறவனுக்கா? முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கட்டிலில் கிடப்பவளால் அதற்கு மேல் எப்படிக் கோபித்துக்கொள்ள முடியும்?

சனிக்கிழமை காசிராஜன் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஆமத்தூர் தாண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு பாருங்க, என் உசுரே போயிருச்சு" என்றார்.

முன்னறையில் உருட்டும் சத்தம்.  பிறகு இவர் குரல்.

"என்ன காசி, கசடுக் குழாய் சுவத்துப் பக்கம் போகுது? இந்தப் பெட்டி தொட்டிக்கு வலப்பக்கம்லா நிக்கணும்!"

"ஒரு நூல் பிசகல சார். நீங்க வரைஞ்சு குடுத்தாப்புலயே அறுத்திருக்கேன்."

"இங்கன கொண்டாங்க, பாப்போம்" என்று கூப்பிட்டேன். பெட்டியின் மேல் காகிதம் இன்னும் உரிக்காமல் இருந்தது. அதில் அவர் எழுத்து. தமிழ்தான், ஆனால் தமிழாக இல்லை. சந்தேகப்பட்டுத் தலையணைப் பக்கத்திலிருந்த கைக்கண்ணாடியை எடுத்துப் பிடித்தேன். பளிச்சென்று தெரிந்தது — 'கசடு இங்கே இறங்கும்.'

பெட்டி முழுவதையும் இடம் வலம் மாற்றி வரைந்திருக்கிறார், மனிதர்! தொழில் புத்தி.

"படிக்க முடியலையேன்னு நீங்களாவது கேக்கக்கூடாதா?" என்றேன் காசிராஜனிடம்.

"ஆர்ட்டிஸ்ட் கையெழுத்து அம்புட்டுத்தான்னு விட்டுட்டேன் நர்சம்மா."

எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மாவுக்குப் பயந்து பயந்து சிரித்தேன். இவர் மட்டும் சிரிக்கவில்லை.

குழாய் முன்பக்கம் வர வேண்டுமானால், பெட்டி இனித் தொட்டிக்கு இடப்பக்கம்தான் நிற்கும். முன்னறையில் இடப்பக்கம் வாசற்கதவு. புதிதாய்ச் செய்யலாமென்றால் வேறு தகடு மதுரையிலிருந்து வந்தாக வேண்டும். புது மீன்களோ அன்று மாலையே லாரியில் வருகின்றன. இடம் இருப்பது ஒரே ஒரு சுவரில் — என் கட்டிலுக்கு எதிரே.

"அதுக்கு ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்கீக? நல்லதாப் போச்சுல்ல?"

காசிராஜனை வாசல் வரை போய் அனுப்பினார். பிறகு கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தார்.

"இதுகளும் செத்துச்சுன்னா நீ பாக்கக்கூடாதுன்னுதான் அங்கன வச்சேன், புள்ள."

ஈரமும் இல்லை, சத்தமும் இல்லை. இதற்காகவா என்னிடம் முறைப்பு வாங்கிக்கொண்டு அலைந்தார்? 

"கண்ணுல படாம இருந்தா நான் நெனைக்காம இருப்பேனாக்கும்? இங்கனயே வைங்க. என்ன ஆனாலும் ரெண்டு பேருமா பாப்போம்."

மாலை மீன்கள் வந்தன. மோட்டார் முணுமுணுக்க, தண்ணீர் பெட்டியில் இறங்கி, அறை அறையாய்த் தாண்டி, மேலே ஏறியது. படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை காலை கண் விழித்தால், இவர் தோளில் துண்டோடு தொட்டியை மறைத்து நிற்கிறார். நின்ற நிற்பிலேயே தெரிந்துவிட்டது.

"தள்ளுங்க. நான் பாத்தாச்சு."

ஒன்று மிதந்தது. மற்றவை கீழே கல்லைச் சுற்றிச் சுற்றி, இரை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தன. அழுகை வரும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது. ஆனால் சகுனம் என்ற எண்ணம் வரவில்லை. அழுக்குக்குத்தான் வழி செய்தாயிற்றே? செத்தது ஒன்று, பசியோடு இருப்பவை மற்றவையெல்லாம். ஆஸ்பத்திரி வார்டில் நான் பழகிய கணக்கே இதுதான்: போனவரை அனுப்பிவிட்டு, இருப்பவரைக் கவனிப்பது. எப்படியோ அதை நான் மறந்து போயிருந்தேன்.

"அதை எடுத்துட்டு, இருக்கறதுகளுக்குத் தீனி போடுங்க" என்றேன்.

துண்டை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு சொல்லியேவிட்டேன்.

"ஏங்க... தொட்டிலுக்கு ஆர்டர் குடுத்துருவோமா?"

மனிதர் அப்படியே நின்றார். கண் கலங்கியது. அடுத்த நொடி அவர் கை சட்டைப் பையில் பென்சிலைத் தேடியது.

தொட்டில் சரி. படம் மட்டும் நான்தான் வரைவேன் என்று சொல்லிவிட்டேன்!