பதினோராவது வீடு

கம்பைநல்லூர் லூர்துமேரி சித்தேரி மலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினொரு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு அவள் பங்குக்கு வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். லூர்துமேரி கறாரானவள். கேட்காமல் ஒருவர் வயதைக்கூடக் குத்துமதிப்பாகப் போட மாட்டாள்.

முதல் வீட்டில் செல்லம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வூட்ல எத்தனை பேருங்க?"

"நாலு பேருங்க. நானு, வூட்டுக்காரரு, பையன், செல்லி."

"செல்லிக்கு என்ன வயசுங்க?"

"பத்தொம்பது."

போனில் பதிந்துகொண்டாள். அடுத்த வீட்டிலும் ஒரு செல்லி, பத்தொன்பது வயது. மலையில் ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்று நினைத்தாள். மூன்றாவது வீட்டிலும் செல்லி. நான்காவது வீட்டுக்காரி அந்தப் பெயரைச் சொல்லும்போது உள்ளே திரும்பிப் பார்த்தாள். லூர்துமேரியும் எட்டிப் பார்த்தாள். விரித்த பாய், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். ஆள் இல்லை. அதன்பின் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு செல்லி; எட்டிப் பார்த்தால் அதே பாய், அதே சொம்பு.

பத்தாவது வீடு முனியப்பனுடையது.

"ஐயா, ஊரே ஒரே செல்லியத்தான் சொல்றீங்களா?"

அவர் துண்டால் திண்ணையைத் தட்டி அவளை உட்காரச் சொன்னார்.

"ஆமாங்க டீச்சர். மூணு வருசம் முன்னால, மழையில அவளுக்குப் பிரசவ நோவு கண்டுச்சு. இங்க வண்டி வராதுங்க. போர்வையில தூளி கட்டி, வூட்டுக்கு ஒரு ஆளா மாத்தி மாத்தித் தூக்கிட்டு எறங்குனோம். ரோட்டுல எறக்கிப் பாத்தா உசுரு இல்லீங்க. யாரு தோள்ல இருக்கறப்ப போச்சுன்னு தெரியல. அதான் ஒவ்வொருத்தரும் அவ எங்க வூட்லதான் இருக்கான்னு சொல்றோம்."

"செத்தவங்கள எழுத முடியாதுங்க."

"தெரியுங்க. கேட்டா சொல்லாம இருக்க முடியல."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்லி என்று பதிந்த பெயர்களை ஒவ்வொன்றாக நீக்கினாள்.

"இன்னொரு வூடு இருக்குதுங்களே?"

"அது அவ வூடுங்க. பெங்களூர் போன புருசன் திரும்பல. அங்க போவாதீங்க."

ஆனால் வீட்டு எண் போட்டாக வேண்டும். தனியாகப் போனாள். உச்சி வெயில், காற்றே இல்லை. கதவில் துருப்பிடித்த பூட்டு. சாக்பீஸால் பதினொன்று என்று எழுதினாள். காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி வாயிலிருந்து தானாக வந்தது.

"வூட்ல எத்தனை பேருங்க?"

கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஓர் இளம்பெண் குரல்.

"ரெண்டு பேருங்க."

லூர்துமேரியால் நகர முடியவில்லை. ஆனாலும் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"கொளந்தை ஆணா, பொண்ணாம்மா?"

"பொண்ணுங்க."

போனில் 'பூட்டிய வீடு' என்றுதான் பதிந்தாள். வேறு வழியில்லை. ஆனால் கதவைப் பார்த்து, "எழுதிக்கிட்டேம்மா" என்றாள்.

திரும்பி வந்து, கதவுக்குப் பின்னால் கேட்டதை முனியப்பனிடம் சொன்னாள். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"கொளந்தைய நாங்க கணக்குல வெக்கவே இல்லீங்களே, டீச்சர்."

மறு வாரம் அங்கிருந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகள் சொன்னார்கள். இப்போது பத்து வீட்டிலும் அந்தப் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சேலைத் தொட்டிலும் தொங்குகிறதாம். யாரும் ஆட்டுவதில்லையாம்.