ஜப்பான் கவுனும் கைச்சாடையும்

1. சனிக்கிழமை ட்ரையல்

தைத்தது பிடிக்கவில்லை என்றால் ஆட்கள் திட்டுவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. பெனிட்டா திட்டவில்லை. பாளையம்பட்டியில் என் கடைக் கண்ணாடி முன்னால் நின்று, புதுப் பாவாடையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் மதுரைக்குப் போக வேண்டும்.

பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. அருப்புக்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. இருபது நாளுக்கு முன்னால் அம்மாவோடு வந்து, போனில் ஒரு படம் காட்டினாள். மிட்டாய் ரோஸ், லாவெண்டர், பிஸ்தா பச்சை எல்லாம் வெளிறிய நிறத்தில். முழங்காலோடு நிற்கும் பாவாடை, நாலு அடுக்கு நெட், புஸ்ஸென்ற கை, உடம்பெல்லாம் நட்சத்திரமும் ரிப்பனும்.

"யாரு பாப்பாவுக்கு? எத்தன வயசு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தாங்க்கா. இதுக்குப் பேரு ஃபேரி கேய். ஜப்பான்ல பெரிய பிள்ளைகளே இப்படிப் போட்டுத் தெருவுல போறாக."

"எங்க போட்டுப் போகப் போற?"

"மதுரையில ஆறு பேரு சேர்றோம். அஞ்சு வருசமா போன்லதான் பேச்சு. இப்பத்தான் நேர்ல பாக்கப் போறேன். வாரத்துல ஆறு நாளு வெள்ளக் கோட்டு போடுறேன்க்கா. ஒரு நாளு இதப் போட்டுக்கிறனே."

2. பின்னால் நிற்கும் அம்மா

புதிதாகத் தொழில் பழகுகிறவர்களுக்கு எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். லேடீஸ் டெய்லருக்கு அளவு இரண்டு இடத்திலிருந்து வரும். பெண் வாயால் சொல்வது ஒன்று. பெண்ணின் முதுகுக்குப் பின்னால் அம்மா கையால் காட்டுவது இன்னொன்று. கழுத்தை ஏற்று, கையை இறக்கு, இடுப்பை லூஸாக விடு என்று எல்லாவற்றுக்கும் சாடை உண்டு. நோட்டில் பெண் சொன்னதை எழுதுவேன், கத்தரியில் அம்மா சொன்னதை வெட்டுவேன். பெண் கேட்டால் "துணி பத்தலம்மா" என்பேன். முப்பது வருஷமாக இதுதான் என் சாமர்த்தியம். இதற்காகவே அம்மாமார் என் கடைக்கு வந்தார்கள் என்றும் சொல்லலாம்.

பெனிட்டா அளவு கொடுத்த அன்றும் அவள் அம்மா பின்னால் நின்றார். உள்ளங்கையால் காற்றை அமுக்கிக் காட்டினார்: புஸ்ஸு வேண்டாம். பிறகு கணுக்காலைத் தொட்டார். நானும் தலையாட்டினேன். நாலு அடுக்குக்கு வாங்கிய நெட்டை இரண்டு அடுக்காக்கி, நீளத்தைக் கணுக்கால்வரை இறக்கினேன். கையை ஒட்ட வெட்டினேன். நட்சத்திரங்களை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன்.

3. கண்ணாடி

"நெட்டு பத்தலம்மா," என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன்.

"ஒரு மீட்டரு கூடத்தாங்க்கா வாங்கிக் குடுத்தேன்," என்றாள் பெனிட்டா. பிறகு குரலை உயர்த்தாமல், "அன்னைக்கு அம்மா கை காட்டுனத நான் பாத்தேன். நீங்க தலையாட்டுனதையும் பாத்தேன். எதுத்தாப்புல கண்ணாடிதான இருக்கு?"

நான் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பாத்துட்டு ஏம்மா சும்மா இருந்த?"

"நான் காசு குடுத்து வாங்குன துணி. ஒங்ககிட்ட நானே அளவு சொன்னேன். நீங்க நான் சொன்னதத்தான் தைப்பீகன்னு நம்பிட்டேன்."

அந்த ஆளுயரக் கண்ணாடியை நான்தான் ஆசையாக வாங்கி மாட்டினேன். பெண்கள் அதைப் பார்த்தபடிதான் அளவுக்கு நிற்பார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் அதில் என்னையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்று துணியை வாங்கிப் போயிருப்பார்கள்? எனக்கு வெட்கமாக இருந்தது.

"சாயங்காலம் வா. பிரிச்சுத் தாரேன்," என்றேன்.

மற்ற உருப்படிகளை ஓரம்கட்டிவிட்டு உட்கார்ந்தேன். பாவாடை சுலபம். நீள அடுக்கைக் குறுக்கே வெட்டினால் இரண்டு அடுக்கு கிடைக்கும். கைதான் படுத்தியது. ஒட்ட வெட்டிய துணி இனி வளராது. கடைசியில் கையை நடுவே கீறி, மிச்சம் கிடந்த பிஸ்தா பச்சையில் ஒரு பட்டை கொடுத்துச் சுருக்கினேன். புஸ்ஸென்று எழுந்து நின்றது. லாவெண்டருக்கு நடுவே ஒட்டுப்போட்டது தெரியத்தான் செய்தது. அதை மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. கடைசியில் டப்பாவைத் திறந்து நட்சத்திரங்களையும் எடுத்துத் தைத்தேன்.

சாயங்காலம் அம்மாவும் கூட வந்தார். பெனிட்டா போட்டுக்கொண்டு வந்ததும் அவர் முகம் மாறியது. கை பழக்கத்தில் காற்றை அமுக்கப் போனது.

"மதினி, நீங்க அமுக்கச் சொன்னீக, நானும் அமுக்கித் தச்சேன். அது தப்பு. அதான் பிரிச்சிட்டேன்," என்றேன், பெனிட்டா காதுபடவே.

"பொண்ணு பாக்க வர்ற நேரம். நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?"

"அத என்கிட்டயே கேட்டுருக்கலாம்லம்மா," என்றாள் பெனிட்டா.

அம்மா வெளியே போய் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டார். இப்போது அவர் பிளவுஸ் வேறு கடையில் தைக்கிறார். பெனிட்டா மட்டும் திங்கட்கிழமை ஒரு போட்டோ அனுப்பினாள். வெளிறிய வண்ணங்களில் ஆறு பேர், நடுவில் அவள். கீழே, "பச்சைப் பட்டையை எல்லாரும் கேட்டாக, எங்க தச்சதுன்னு."

4. அப்புறம்

கண்ணாடியை இடம் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை. அது அதன் வேலையைத்தான் செய்தது.

போன வாரம் மல்லாங்கிணறிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளை அம்மாவோடு சுடிதார் தைக்க வந்தது. பின்னாலிருந்து வழக்கம்போல விரல் உயர்ந்தது. நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னேன்:

"பாப்பா, ஒங்கம்மா கழுத்த ரெண்டு இஞ்ச் ஏத்தச் சொல்றாக. என்ன செய்யட்டும்?"

அம்மாவின் விரல் அப்படியே நின்றது. அந்தப் பிள்ளை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து, திரும்பி, அம்மாவை நேராகப் பார்த்தது. அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.