மாலை ரயிலில் குணசுந்தரி டீச்சர்

குணசுந்தரி டீச்சர் ரயிலில் ஒரு மாணவியை அறைந்தார் என்று அவருடைய சாவு வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள். அது பொய். அன்று நான் எதிர் இருக்கையில் இருந்தேன்.

சென்ற ஞாயிறு காலை அவருடைய தம்பி போன் செய்து, மாரடைப்பு என்றார். கும்மிடிப்பூண்டியில் ஒரே பள்ளியில் நான் ஆங்கிலமும் அவர் கணக்கும் நடத்தினோம். இருவருக்கும் வீடு ஆரம்பாக்கம். நான் ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் பழக்கம் நிற்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகும் கவிதா பத்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ரசாயன ஆலையில் வேலை. அவர் உடைகளோடு சேர்த்துத் துவைப்பதால் அவள் சீருடையிலும் அந்த வாடை இருக்கும். சக மாணவிகள் 'கெமிக்கல்' என்று பெயர் வைத்தார்கள். புகார் வந்ததும் பள்ளியில், காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் கைகுலுக்க வைத்து, பிரச்சினை முடிந்தது என்றார்கள். குணசுந்தரி நம்பவில்லை. எப்போதும் அடுத்த ரயிலில் வருபவர், அன்று மாலை பிள்ளைகள் ஏறும் ரயிலிலேயே ஏறினார். கண் மருத்துவரிடம் போய்விட்டு நானும் அதில் வந்தேன்.

கதவோரம் கவிதா நின்றாள். கழுத்திலும் தோளிலும் நான்கு பேருடைய பைகள்.

"ஏய் கெமிக்கல், மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கோ. முறுக்கு துன்றோமில்ல?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

குணசுந்தரி எழுந்தார். பேசியவளைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் பயந்து சிரித்தவளிடம், "உன் பை எதும்மா?" என்றார்.

"அந்த நீலம், மிஸ்."

"எடுத்துக்கோ."

அவள் எடுத்தாள். அடுத்தவளும், அதற்கடுத்தவளும் எடுத்தார்கள். ஒரு பை மிச்சம், 'கெமிக்கல்' என்று கூப்பிட்டவளுடையது.

"சும்மா வெளையாட்டுக்கு மிஸ்."

"வெளையாட்டுன்னா முறை மாறும். நீ எப்போ தூக்குவ?"

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் வீட்டில் போய் அறைந்ததாகச் சொல்ல, தகப்பனார் ஆள்களோடு பள்ளிக்கு வந்துவிட்டார். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். "தரமாட்டேன். சந்தேகமிருந்தா ரயில்ல வந்து உக்காருங்க" என்றார் குணசுந்தரி. ஒருவரும் வரவில்லை. அவர்தான் காலையும் மாலையும் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தார்.

பிள்ளைகளிடம் யாராவது 'கண்டுக்காதே' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "அதைத்தானே அது இத்தனை நாளாச் செஞ்சிக்கினு இருக்கு? வேற சொல்லுங்க" என்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்களை முதலில் பிரித்தெடுக்க வேண்டும் என்பது அவர் வழி. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.

அடக்கம் முடிந்த மறுநாளே பைகள் கவிதாவின் தோளுக்குத் திரும்பிவிட்டன. புதன்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்குப் போகவில்லை. "டீச்சரே பூட்டாங்க. இனிமே யாரு இருக்கா? கம்பெனில வேலைக்குச் சேத்துடறேன்மா" என்கிறார் அவள் தாய். திங்கள் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பள்ளியில் அவருடைய படத்தைத் திறந்து வைக்க என்னை அழைத்திருக்கிறீர்கள். வருகிறேன். மாலை ரயிலில் கவிதாவோடு நான் உட்காருவேன். காலையில் என் முழங்கால் ஒத்துழைக்காது. காலை ரயிலில் எந்த ஆசிரியர் வருவார் என்பதைத் தலைமையாசிரியர் திங்களுக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.