பம்பாய் ரோட்டுப் பூங்காவனம்

பூந்தமல்லியில் நின்று பார்த்தால் அது ஒரு சாதாரண ரோடுதான். இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் தார், தாரின் மேல் மாட்டுச் சாணி. மெட்ராஸில் கிளம்பி, அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் என்று வந்து, பூந்தமல்லிக் கடைத்தெருவை உரசிக்கொண்டு மேற்கே போகும். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே பட்டாளம் இருந்தது. அந்தப் பட்டாளம் நடந்து நடந்து தேய்த்த பாதை என்பார்கள். சுதந்திரம் வந்தபிறகு சர்க்கார் அதற்கு நாலாம் நம்பர் கொடுத்துத் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தார்களே தவிர, பள்ளத்தை மூடவில்லை.

அந்த ரோடு பம்பாய் வரைக்கும் போகிறது என்பது எங்கள் பாரிவாக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? எங்களுக்குப் பூந்தமல்லி சந்தையே தூரம். ஆனால் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த பூங்காவனத்துக்குத் தெரியும். ஏரிக்கரை வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள். வயல் குறைந்ததும் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கப் போனாள். அவளுடைய புருஷன் செங்கல்வராயன் பூந்தமல்லி லோகநாதனிடம் லாரி ஓட்டினான். அந்தப் பழக்கத்தில் ஊர் ஊராகச் சொல்லுவாள்: ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, ராணிப்பேட்டை, சித்தூர், பலமநேர், கோலார், பெங்களூர். அதற்கப்புறம் தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா, பூனா. வாய் வலித்தால்தான் நிறுத்துவாள்.

இதெல்லாம் அவன் திரும்பி வந்தபிறகு சொன்னவை. கிளம்பும்போது ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். புறப்படுகிறவனைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது நம் ஜனங்களுக்குத் தெரிந்ததுதானே. கல்யாணமான புதிதில், அறுபத்து மூன்றிலோ நாலிலோ, வாய் தவறிக் கேட்டுவிட்டாள். செங்கல்வராயன் திரும்ப உள்ளே வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினான். அப்படியும் வாலாஜாவில் டயர் வெடித்தது. மாமியார் ஒரு மாதம் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். அன்றைக்குப் பூட்டிய வாய்.

வந்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அவன் வாங்கிவந்த தார்வாட் பேடாவைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டே கேட்பாள். அவனும் அளந்துவிடுவான். மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்ட வருஷம் வந்து, "இன்னா நைனா அநியாயம் இது! கல்ல மாத்தினானுங்க, பெங்களூர் ஒண்ணரை மடங்கு தூரமாப் பூடுச்சு" என்று தெருவெல்லாம் சிரிக்க வைத்தான்.

அதே லோகநாதனிடம் இன்னொரு லாரி ஓட்டிய உத்தமன் எங்கள் தெருக் கடைசியில் இருந்தான். அவன் பெண்சாதி வசந்தா. பூங்காவனத்தை அக்கா என்பாள். வாயால் மட்டும் அக்கா இல்லை. ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் இரண்டு வீட்டிலும் சோறு இறங்கும்.

எழுபத்தொன்று ஆடி மாதம். வசந்தாவுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரே விடியற்காலையில் இரண்டு புருஷன்களும் கிளம்பிப் போனார்கள். நாலாம் நாள் லோகநாதனுக்குத் தந்தி வந்தது. சத்தாராவைத் தாண்டிய மலைப்பாதையில், மழையில் சறுக்கி, பம்பாய் லாரி உருண்டுவிட்டது. டிரைவர் இறந்துவிட்டான். கிளீனர் அம்மனுக்குக் கூழ் ஊற்ற ஊருக்குப் போயிருந்ததால் தப்பித்தான். பம்பாய் வண்டிக்கு லோகநாதன் அனுப்பியது செங்கல்வராயனை. உத்தமனுக்குக் கல்கத்தா.

தெருவே பூங்காவனம் வீட்டில் கூடிவிட்டது. வசந்தா அந்த வயிற்றோடு தரையில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்த முனியன் வந்து, தந்தியோடு நின்ற லோகநாதனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மொதலாளி, கெளம்புன அன்னிக்கு நம்ம கடைல அவங்க வண்டிய மாத்திக்கலாம்னு பேசிகினு இருந்தாங்க. மொதநாளே பேசி வெச்சிருந்தாங்க போல. 'வசந்தாவுக்கு நாள் நெருங்குது, பம்பாய்னா சீக்கிரம் திரும்பிடலாம், நீ போடா, நான் கல்கத்தாவுக்குப் போறேன்'னு செங்கல்வராயன்தான் சொன்னான்."

"மாத்திக்கினாங்களா இல்லியா?"

"அத்த நான் பாக்கல. பால் பொங்கிடுச்சு, உள்ள பூட்டேன்."

வசந்தாவின் கை பூங்காவனத்தின் முதுகில் அப்படியே நின்றுவிட்டது.

லோகநாதன் இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினார். "ஊட்ல சொல்லாமயா போனானுங்க? எங்க போறேன்னு ஒருத்திக்கும் தெரியாதா?" அவருடைய வீட்டில் மட்டும் கேட்கிறார்களாமா? ஒரே ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அன்றைக்கு ஒருத்தியாவது நிம்மதியாக இருந்திருப்பாள். இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் கையில் கிடைத்தால் நானே நாலு வார்த்தை கேட்பேன்.

கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்தார்கள். வண்டி இன்னும் வந்து சேரவில்லை என்று பதில் வந்தது. அதற்குமேல் காத்திருக்க முடியாமல், பம்பாய்க்குச் சரக்கு ஏற்றிய ஒரு லாரியில் லோகநாதனும் பூங்காவனமும் கிளம்பினார்கள். வசந்தாவால் வர முடியாது. வாசலில் நின்று, "போய்ட்டு வாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வாயாலேயே பார்த்திருந்த ரோட்டைப் பூங்காவனம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். அவன் சொன்ன வரிசையில் ஒரு ஊர்கூடப் பிசகவில்லை. வழியில் கோயில் வந்தால் கை தானாகக் கும்பிடப் போகும். 'அவரா இருக்கக் கூடாது சாமி' என்று ஆரம்பிப்பாள். அதற்குமேல் முடிக்க வராது. அவன் இல்லையென்றால் உத்தமன்தானே? தனக்கென்று கேட்கிற வரம் வசந்தாவுக்குச் சாபம். கையை மடியில் போட்டுக்கொள்வாள். அடுத்த கோயிலில் மறுபடி கை எழும்பும். அப்போது தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

சத்தாராவில் பிணத்தை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். போலீஸ்காரர் ஒரு மூட்டையை மேஜைமேல் பிரித்து வைத்தார். சேறு காய்ந்த சட்டை, ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு. சட்டையும் துண்டும் யாருடையதாகவும் இருக்கலாம். செருப்பு சின்னதாக இருந்தது. செங்கல்வராயனின் கால் அதில் பாதிகூட நுழையாது.

"அவரு இல்ல மொதலாளி" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காதவளுக்கு உடனே பசித்தது. பக்கத்துக் கடையில் ரொட்டியும் பருப்பும் வாங்கி, வயிறு நிறையத் தின்றாள். தின்று முடித்தபிறகுதான் அழுதாள். அந்தச் சாப்பாட்டை மட்டும் ஆயுசுக்கும் தன்னால் மறக்க முடியாது என்பாள்.

திரும்பி வரும்போது ரோடு சுருங்கிவிட்டது. ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பெல்காமில் ஒரு விதமாகச் சொல்லலாம் என்று நினைத்தாள். சித்ரதுர்காவில் அது சரியில்லை என்று தோன்றியது. பெங்களூரில் லோகநாதன், "நான் சொல்லிக்கிறேம்மா" என்றார். "வாணாம், நானே சொல்றேன்" என்றாள். ராணிப்பேட்டைப் பக்க வெயிலில் பொட்டு வழிந்தது. துடைக்கக் கை போய், திரும்பி வந்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போது எவளாவது பொட்டை அழிப்பாளா? ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் முந்தானையைத் தலைமேல் இழுத்து, நெற்றி மறைய விட்டுக்கொண்டாள்.

லாரி தெருமுனையில் நின்றது. நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். வசந்தா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். பூங்காவனம் லாரியிலிருந்து இறங்கினாள். வசந்தா கிட்டே வந்து, முந்தானையை ஒரு விரலால் ஒதுக்கி, அவளுடைய நெற்றியைப் பார்த்தாள். வழிந்த பொட்டு அழியாமல் இருந்தது.

பிறகு, "அப்போ அண்ணன் நல்லா கீறாரு, இல்லக்கா?" என்றாள்.