கஞ்ச மரம்

அடுத்தவனைத் தண்டிப்பதற்காகத் தன் மரத்தையே வெட்டுகிறவள் யாரைத் தண்டிக்கிறாள்? எனிட் டோலியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன்.

இங்கிலாந்தில் ஈவ்ஷாம் ஊருக்கு வெளியே, முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவில், எங்கள் சந்தில் மூன்றே வீடுகள். என் தோட்டத்தில் உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றும் கிடையாது. எதிரே ஒரே வேலியின் இரு பக்கமும் எனிட்டும் மெர்வின் ஸ்பியர்ஸும். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் எனிட். நல்லவள் என்று சொல்ல மாட்டேன். எதையும் மறக்காதவள்.

அவள் கணவர் டெட் இறந்த வருடம், மெர்வினின் பிளம் மரத்தடியில் அழுகிக் கிடந்த பழங்களால் குளவி மொய்க்கிறது என்று அவள் புகார் சொன்னாள். அந்தக் குளிர்காலமே அவன் மரத்தை வெட்டிவிட்டான். அடுத்த வசந்தத்தில் டெட் நட்ட பச்சை பிளம் மரம் வழக்கம்போல் வெள்ளையாகப் பூத்தது. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். மெர்வின் வேலியோரம் வந்து நின்றான்.

“உன் மரம் தானா காய்க்கிற ஜாதி இல்ல எனிட். இத்தனை வருஷமா என் மரத்து மகரந்தத்துலதான் அது காய்ச்சுது.”

“வெட்டும்போதே இது உனக்குத் தெரியுமா?”

“தெரியாம வெட்டுவேனா?” சிரித்துக்கொண்டே போனான்.

அதே கணக்கு மறுபக்கமும் செல்லும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெர்வினிடம் இருந்த காக்ஸ் ஜாதி ஆப்பிள் மரமும் தானாகக் காய்க்காது. செப்டம்பரில் நடக்கும் ஊர்க் காய்கனிக் கண்காட்சியில் அவன் வருடாவருடம் கோப்பை வாங்கிய ஆப்பிள்களெல்லாம் அவளுடைய ஆப்பிள் மரத்தின் தயவில் விளைந்தவை. இனி அவன் அந்தக் கோப்பையைத் தொடக் கூடாது என்று முடிவு செய்தாள். என்னை நர்சரிக்குக் கார் ஓட்டச் சொன்னாள்.

“தானா காய்க்கிற பிளம் ஒண்ணு, தானா காய்க்கிற ஆப்பிள் ஒண்ணு வேணும்.”

“பிளம்முன்னா விக்டோரியா, கண்ண மூடிக்கிட்டு நடலாம்,” என்றார் நர்சரிக்காரர். “ஆப்பிளுக்கு இத பாருங்க மேடம். தானும் காய்க்கும், பக்கத்து வீட்டு மரத்தையும் காய்க்க வைக்கும்.”

“அது வேணாம்.”

“எது வேணாம்?”

“பக்கத்து வீடு. அவன் மரம் பூத்துக் கொட்டினப்புறம் பூக்கிறதா ஒண்ணு குடுங்க.”

அவர் தலையைச் சொறிந்தார். “எல்லாரும் தாராளமான மரம் கேட்டு வருவாங்க. கஞ்ச மரம் கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்.”

“இருக்கா, இல்லியா?”

இருந்தது. ஜனவரியில் பழைய ஆப்பிள் மரத்தை அறுத்துவிட்டுப் புதியதை நட்டாள். அறுக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

“நல்லா காய்க்கிற மரம், எனிட்.”

“அதனாலதான்.”

மே மாதம் காக்ஸ் பூத்து உதிர்ந்தது. கிளைகள் ஒரு பிஞ்சுமில்லாமல் நின்றன. மெர்வின் வேலிக்கு வந்தான்.

“வேணும்னே பண்ணியிருக்க.”

“ஒரே குளவித் தொல்லை, மெர்வின்.”

அந்த வருடக் கண்காட்சியில் அவன் ஆப்பிள் தட்டு வைக்கும் இடம் காலியாக இருந்தது. எனிட் அதன் எதிரிலேயே நின்று ஒரு துண்டு கேக்கை ருசித்து ருசித்துச் சாப்பிட்டாள். அடுத்த வருடமும் அதே இடம், அதே கேக்.

மூன்றாம் வசந்தத்தில் மெர்வின் தன் உறவுக்காரர் ஆப்பிள் தோப்பிலிருந்து பூத்த கிளைகளை வெட்டி வந்து, வாளித் தண்ணீரில் வைத்து, காக்ஸ் மரத்தில் கட்டித் தொங்கவிட்டான். தேனீக்கள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டன. நிறைய இல்லை; ஒரு தட்டுக்குத் தேவையான ஐந்து நல்ல பழம் தேறியது. எனிட்டின் புது மரமும் அவ்வருடம் முதல்முறை காய்த்தது. அவளும் ஒரு தட்டு வைத்தாள். சுற்றியிருந்த மற்றத் தட்டுகள் எதுவும் இந்த இரண்டுக்கும் போட்டியில்லை.

எங்கள் கண்காட்சியில் ஆப்பிளைக் காம்பைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். தோலின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் மெழுகு மங்கல் கலையக் கூடாது. துடைத்த பழத்தை நடுவர் ருசிகூடப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவார். ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது வருடத்துக்கு ஒருமுறை பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து அவமானப்படுவது வழக்கம்.

போட்டியாளர்களை வெளியே அனுப்பியாயிற்று. நடுவர் இன்னும் வரவில்லை. மேசை துடைக்கும் பொறுப்பில் இருந்ததால் போட்டியாளர்களில் எனிட் மட்டும் துணியோடு உள்ளே இருந்தாள். நான் மூலையில் தேநீர்ப் பாத்திரத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் மெர்வினின் தட்டின் முன் நின்றாள். ஒரு பழத்தைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அருமையான பழம். ஒரு தடவை துடைத்தால் போதும். அவளைத் தடுக்க நான் இருமியிருக்கலாம்; இருமவில்லை.

பழத்தை வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பிறகு தன் தட்டுக்குப் போய், தன்னுடைய ஐந்து பழங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்து அடுக்கினாள்.

கோப்பை மெர்வினுக்குப் போனது. ஏன் உன் பழங்களைத் தேய்த்தாய் என்று அன்று நான் கேட்டபோது, பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துவிட்டது, போய்ப் பார் என்றாள்.