இத்தா வீட்டில் கேட்ட சம்மதம்

எனக்குச் சீராக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்பின்னாகத்தான் வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததே, அதற்கடுத்த அறுவடைக் காலம். கல்முனைப் பக்கம் கடலோரமாக இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது.

பள்ளிக்கூடம் விழுந்துபோயிருந்தது. பிள்ளைகள் மரத்தடியில் படித்தார்கள். பெரிய பெண்பிள்ளைகளை வெளியில் இருத்த முடியாது என்று ஒவ்வொரு வீடாக மறித்துக்கொண்டு வந்தார்கள். என் மூத்த மகளையும் நிறுத்தப்போவதாக அவள் வாப்பா சொல்லிவிட்டார். கட்டடம் வந்தால் படிக்கட்டும் என்றார்.

கூரைத் தகரம் அரசாங்கம் தரும், சுவரை ஊரார்தான் எழுப்ப வேண்டும். வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் என்று பள்ளிவாசலில் பேசினார்கள். எங்கள் பக்கம் வீடுவாசல் பெண்களின் பேரில்தானே. அதனால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், ஒரு வீடு மனமில்லை என்றாலும் வேலை தொடங்காது என்று முடிவு.

கடைசியில் ஒரு வீடு மீதியானது. அந்த வீட்டு ராத்தாவின் மாப்பிள்ளை சூறாவளியன்று பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கி, சுவர் விழுந்து மவுத்தானவர். ராத்தா, புருஷனை இழந்த பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் போய்க் கதைக்க முடியாது. பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் மரைக்கார் என்னைப் போகச் சொன்னார். பக்கத்து வீட்டு மச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நீ சொல்ற ஸலாம் உனக்கே கேக்காது. நீயா கா சம்மதம் கேக்கப் போறாய்?”

மகளை நினைத்துக்கொண்டு உச்சி வெயிலில் போனேன். ஆண்களெல்லாம் வயலில். தெருவில் ஒரு ஆள் இல்லை. தலை முறிந்த தென்னைகள் வரிசையாக நின்றன. ஓலை இல்லாததால் காற்று அடித்தும் அவற்றில் சத்தமே இல்லை.

ராத்தா வீட்டுக்குள்ளே ஒரு அறை வாசலில் வெள்ளைச் சீலை தொங்கியது. இத்தா அறை அதுதான் என்று நானே எண்ணிக்கொண்டேன். ஸலாம் சொன்னேன். நிலத்தைப் பார்த்தபடி விஷயத்தைச் சொல்லி முடித்தேன். யாரோ மூச்சு விடுவது கேட்டது. சீலை மெல்ல உள்ளே இழுபட்டு, திரும்ப வெளியே வந்தது.

“ஓம். சுவர மட்டும் தடிப்பாக் கட்டச் சொல்லு.”

தொண்டை கட்டிய குரல். அழுது அழுது அப்படி ஆகிவிட்டது என்று நினைத்தேன். ஓட்டமாகப் போய் மரைக்காரிடம் சொன்னேன், சுவரைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். அத்திவாரத்தை அகலமாகவே வெட்டினார்கள்.

இத்தா முடிந்ததும் பெண்கள் எல்லாரும் ராத்தாவைப் பார்க்கப் போனோம். மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு என்னைக் கேட்டார்.

“என்னட்ட ஏன்கா ஒருத்தரும் கேக்கல்ல? அவர் மவுத்தான இடத்தில கட்டுறத்துக்கு நான் ஓம் எண்டிருக்க மாட்டன்.”

அன்று நான் வந்ததையும் கேட்டதையும் சொல்லி, அந்த அறையைக் காட்டினேன்.

“அது அவர்ர சாமான் கிடக்கிற அறை. நான் பின்னறையிலதான் இருந்தன். ஒரு சத்தமும் கேக்கல்லியே.”

மகளின் முகம் கண்ணில் வந்தது. ஆனாலும் சொன்னேன்.

“நான் பிழை விட்டுட்டன் ராத்தா. இப்பவே மரைக்காரிட்டப் போய்ச் சொல்லுறன். வேலை நிக்கட்டும்.”

எழும்பினேன். ராத்தா என் கையைப் பிடித்தார்.

“சுவர் தடிப்பா எண்டா அந்தக் குரல் சொன்ன?”

“ஓம்.”

“பழைய சுவர் ஒத்தக் கல்லுத் தடிப்புத்தான். எப்பவோ ஒருநாள் விழும் எண்டு அவர் என்னட்டத்தான் ஏசிக்கிட்டு இருந்தவர். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அந்தச் சீலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நெல்லு எடுக்க ஆள அனுப்பு” என்றார்.

என் மகள் அந்தக் கட்டடத்தில்தான் படித்தாள். நான் அதன் பக்கத்தால் போகும்போது சுவரில் கை வைக்க மாட்டேன். அதற்குப் பிறகு யாரிடம் எதைக் கேட்டாலும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

அன்று அந்த வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா என்று அந்தத் தெருவில் பழைய ஆட்கள் இருந்தால் விசாரித்துப் பாருங்கள். ஒருவரும் இருக்கவில்லை என்றால், என் ஆசைதான் எனக்குப் பதில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அந்த ஒத்தைக்கல் சுவர் விஷயம் என் ஆசைக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.